போபோடிக்கு ஒரு மோட்டார்

பணக்காரப் பகுதிப் பிள்ளைகள் செய்யும் ரோபோக்கள் ஏன் ஜெயிக்கின்றன, ஏழைப் பகுதிப் பிள்ளைகள் செய்யும் ரோபோக்கள் ஏன் தோற்கின்றன என்பதை மேலை மண்டல மாணவர் ரோபோப் பேரவை மூன்று வருஷம் ஆராய்ந்தது. ஒரு குழு சிங்கப்பூர் போய் வந்தது. இன்னொரு குழு பின்லாந்து போய் வந்தது. பேரவை இருக்கும் அதே புனே நகரத்தில் உள்ள போபோடிக்கு மட்டும் யாரும் போகவில்லை. அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று அறிக்கையின் அடிக்குறிப்பில் நேர்மையாகக் காரணம் சொல்லியிருந்தார்கள். பணம் இருக்கும் இடத்தில் மோட்டார் வாங்க முடிகிறது, இல்லாத இடத்தில் வாங்க முடிவதில்லை என்பது ஆராய்ச்சியின் முடிவு. அறிக்கையை ஒரு பெரிய ஓட்டலில் வெளியிட்டு, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

போபோடியில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் கவுஸுக்கு இந்தக் கண்டுபிடிப்பு பற்றி ஒன்றும் தெரியாது. கடையநல்லூரிலிருந்து பிழைக்க வந்தவர். திரைச்சீலை, மெத்தை விரிப்பு, தலையணை உறை ஆகிய மூன்றைத் தவிர உலகத்தில் உள்ள வேறெந்தச் சாமானைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் ஒரு ரோபோ அணிக்குப் பயிற்சியாளர் ஆகிப்போனார். அவர் மகள் அனீசாவும் அவளோடு ஒன்பதாம் வகுப்பு படிக்கும் நாலு பெண்களும் சேர்ந்து ஓர் அணி வைத்திருந்தார்கள். அதை நடத்திய அறிவியல் டீச்சரை வாக்காளர் பட்டியல் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அணிக்குப் பெரியவர் ஒருவர் பயிற்சியாளராக இருந்தே தீர வேண்டும் என்பது பேரவையின் விதி. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார் கவுஸ், போட்டார், பயிற்சியாளர் ஆனார்.

அந்த அணி முதல் சுற்றில் ஜெயித்தும் விட்டது. இறுதிப் போட்டிக்குத் தேர்வான மறு வாரம், நாலு சக்கரத்தில் ஒரு சக்கரத்தின் மோட்டார் புகைந்து போயிற்று. அதற்குப் பிறகு ரோபோ நேராகப் போக மறுத்தது. கடைக்கு மேலே இருந்த பரணறையில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கவுஸின் காலில் முட்டி நின்றது.

"வாப்பா, மோட்டார் ஜல் கயா" என்றாள் அனீசா. வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்பது அவள் உம்மாவின் சட்டம். துக்கம் வந்தால் அவளுக்கு அந்தச் சட்டம் மறந்து இந்தி வந்துவிடும்.

"அதுக்கு ஏன் அழுத? புத்வார் பேட்டு பஜார்ல மோட்டார் மலிவால்லா கிடைக்கும். வாங்கிப் போட்டுருவோம்."

"நஹீ சலேகா வாப்பா. பேரவை முத்திரை அடிச்ச மோட்டார்தான் போடணும். வேற போட்டா வெளிய தள்ளிடுவாங்க."

முத்திரை மோட்டாரின் விலையைக் கேட்டதும் கவுஸ் பக்கத்திலிருந்த தலையணைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கடையின் ஒரு மாத வாடகையைவிட அதிகம். வெளியே விடாமல் மழை. மழைக்காலத்தில் புனேயில் யாரும் திரைச்சீலை மாற்றுவதில்லை. துவைத்துப் போட்டால் காயாது. கடைக்கு வருகிறவர்கள் மழைக்கு ஒதுங்க வருகிறவர்கள்தான்.

"அடுத்த வருஷம் டென்த் வாப்பா. ஸ்கூல்ல விட மாட்டாங்க. இது ஒண்ணுதான் சான்ஸ்" என்றாள் அனீசா.

மகள் ஒன்று கேட்டு, அதைக் கொடுக்க முடியாமல் நிற்பது கவுஸுக்குப் பொறுக்காது. அடுத்த நாள் கடையை மனைவி ஹாஜிராவிடம் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு பணக்காரப் பகுதியான பானேருக்குப் புறப்பட்டார்.

பேரவை அலுவலகம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் இருந்தது. ஆராய்ச்சி முடிவை அமல்படுத்த அங்கே 'பொருளாதாரச் சமநிலைப் பிரிவு' என்று ஒன்று திறந்திருந்தார்கள். பெரிய கம்பெனியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்தவத்சலம் அதன் தலைவர். ஓய்வு பெற்றது அவர் தவறில்லை. அதற்குப் பிறகும் எதற்காவது தலைவராக இருக்க வேண்டும் என்ற வியாதி அவரை விடவில்லை. அவருக்குப் பக்கத்தில் ப்ரீத்தி என்ற இளம் அதிகாரி மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தாள். தலைவர் வாயைத் திறந்தால் அவள் தட்டச்சு செய்வாள்.

"அட, தமிழா நீங்க! உக்காருங்க மிஸ்டர் கவுஸ். மோட்டார் விஷயமா வந்திருக்கீங்க. ரொம்ப நல்ல கேள்வி."

"கேள்வி இல்ல சார். மோட்டார். ஒண்ணு குடுத்தியன்னா பிள்ளைங்க ஓட்டிரும்."

பக்தவத்சலம் பரிவோடு சிரித்தார். "இதோ பாருங்க. ஒரு மோட்டாரை எடுத்து உங்க கையில கொடுக்கறது எனக்கு ஒரு நிமிஷம். கொடுத்தா என்ன ஆகும்? பிரச்சனை தீர்ந்துடும். தீர்ந்து போன பிரச்சனையை வெச்சுக்கிட்டு இந்தப் பிரிவுல நாங்க இருபது பேர் என்ன பண்றது? நீங்களே சொல்லுங்க."

 கவுஸின் கண் தலைவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரிக்குப் போயிற்று. அதில் முத்திரை மோட்டார்கள் மூன்று வரிசையாக, மேலே குட்டி விளக்கெல்லாம் போட்டு, பளபளவென்று இருந்தன.

"சார், அது..."

"அதுவா? பின்தங்கிய அணிகளுக்குன்னே வாங்கினது. வர்ற விருந்தாளிகளுக்குக் காட்டுவோம். கண் கலங்கிடுவாங்க."

பிறகு தலைவர் வழிமுறையை விளக்கினார். பேரவையின் நிபுணர் குழு போபோடிக்கு வந்து பார்க்கும். பகுதி பின்தங்கியது என்று நிரூபணமானால் நிதியிலிருந்து ஒரு மோட்டார் உண்டு. அதோடு போட்டியில் அந்த அணி இருபது புள்ளியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கலாம். வளமான பகுதி என்றால் பத்துப் புள்ளி கழியும். எல்லாம் பின்கோடு கணக்கு.

கவுஸுக்கு இது ரொம்பச் சுலபமாகத் தெரிந்தது. போபோடி பின்தங்கியது என்பதை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை; அவர்கள் வந்து ஒருமுறை மூச்சை இழுத்தாலே போதும். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் மனதுக்குள் மோட்டாரைப் பொருத்தியே விட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஹாஜிரா கேட்ட முதல் கேள்வி, எத்தனை பேர் வருகிறார்கள் என்பது.

"நாலஞ்சு பேரு இருக்கும்."

"பானேர்லேந்து நம்ம சந்துக்குத் தேடி வாராங்க. அவங்க முன்னால இந்தக் கிழிஞ்ச பாயயா விரிப்பிய? நாளைக்கு நம்ம பிள்ளைக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?"

அவ்வளவுதான், சந்து கிளம்பிவிட்டது. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் அந்தச் சந்தில் மராத்தி, தமிழ், இந்து, முஸ்லிம் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் ஒரே புத்திதான். எதிர் வீட்டு ஷிண்டே, கல்யாண மேடைகளில் போடும் சிவப்பு வெல்வெட் சோபாவை இரவல் வாங்கி வந்தார். வரவேற்பு பிளெக்ஸ் ஒன்று வைத்தார்கள். அதில் வருகிறவர்களின் படம் கிடைக்காததால் சந்தில் உள்ளவர்களின் படங்களைக் கூலிங் கிளாஸ் போட்டு அச்சடித்திருந்தார்கள். ஹாஜிரா பிரியாணிக்கு ஆட்டிறைச்சி சொல்லிவிட்டாள். ஷிண்டே வீட்டில் பூரண் போளி தயாரானது. கவுஸ் தன் பங்குக்குக் கடையில் இருந்த மொத்தச் சரக்கையும் இறக்கினார். ஈரம் ஊறிய சுவர்களை மயில் பச்சைத் திரை மறைத்தது. மின் மீட்டர்களின் ஒயர் சிக்கலை ஒரு பூப்போட்ட திரை மூடியது. சாக்கடை ஓரமாகக் கயிறு கட்டி, குஞ்சம் வைத்த சந்தனநிறத் திரையைத் தொங்கவிட்டார். பொதுக் கழிப்பறைக்கு மெரூன் வெல்வெட். செய்து முடித்துச் சந்து முனையில் நின்று பார்த்தபோது அவருக்கே அடையாளம் தெரியவில்லை, பெருமையாக இருந்தது.

"வாப்பா, நாம கரீப், ஏழைன்னு காட்டணும்" என்றாள் அனீசா, பாதி அழுகையில்.

"காட்டுவோம் மா. முதல்ல அவங்க வந்து உக்காரட்டும், சாப்பிடட்டும். அப்புறம் காட்டுவோம்."

குழு வந்த அன்று பக்தவத்சலம் வெல்வெட் சோபாவில் உட்கார்ந்தார். கழுத்தில் மாலை விழுந்தது. பிரியாணி இரண்டு முறை சாப்பிட்டார். ப்ரீத்தி ஒரு வீட்டுக்கு எத்தனை திரைச்சீலை என்று எண்ணிக்கொண்டு போனாள். சாப்பிட்டு முடித்து, கைதுடைத்து, குழுவின் கேள்விப் பகுதிக்கு வந்தார்கள்.

"மிஸ்டர் கவுஸ், எப்படி இருக்கீங்க? தொழில் எப்படிப் போகுது? ஏதாவது குறை உண்டா?"

இந்தக் கேள்விக்குக் கவுஸின் வாப்பா, அவருடைய வாப்பா என்று தலைமுறை தலைமுறையாக ஒரே பதில்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். வாய் தானாகத் திறந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். உங்க துவாவுல ஒரு குறையும் இல்ல சார்."

'குறை: இல்லை' என்று ப்ரீத்தி தட்டினாள். ஷிண்டேயைக் கேட்டார்கள். விருந்தாளி முன்னால் மூக்கால் அழ அவர் என்ன பைத்தியமா? ஏக்தம் மஸ்த், ரொம்ப ஜோர் என்றார். சந்து முழுக்க ஒருவர் பாக்கியில்லாமல் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். முடிவு மூன்றாம் நாள் வந்தது. வளமான பகுதி. தலைக்கு இத்தனை திரைச்சீலை என்ற கணக்கில் போபோடி, பங்களாக்கள் நிறைந்த கோரேகாவ் பார்க்கை முந்திவிட்டது என்று அறிக்கை வியந்திருந்தது. பத்துப் புள்ளி கழிவு.

 கவுஸ் மேல்முறையீடு செய்தார். பேரவையில் ஒரு நல்ல குணம், மேல்முறையீடு என்றால் உடனே கிளம்பிவிடுவார்கள். அதற்குத் தனிப் படி உண்டு.

இரண்டாவது வருகைக்குத் திரைகளைக் கழற்றினார்கள். சோபா போயிற்று. பிளெக்ஸைச் சாக்கடைப் பக்கம் கவிழ்த்துப் போட்டார்கள். இதெல்லாம் எளிது. ஹாஜிராவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. வந்தவர்களுக்கு வெறும் தண்ணீர்தான் என்று அனீசா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு ஹாஜிரா உள்ளே போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிஜமாகவே அழுதாள். "ஒரு பிஸ்கட்டாவது குடுக்க விட்டியளா? என்னப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்ற அவள் புலம்பல் வெளியே கேட்டது. பசியால் அழுகிறாள் என்று நிபுணர் குழு குறித்துக்கொண்டது.

கவுஸ் மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று ஒரு வாக்கியம் பழகியிருந்தார். பக்தவத்சலம் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "குறை இருக்கு சார்" என்று சொல்லிவிட்டார். சொன்னதும் வேர்த்துவிட்டது.

பக்தவத்சலம் சாக்கடை ஓரம் நின்று நெகிழ்ந்து போனார். "ப்ரீத்தி, இந்த மாதிரி ஒரு பகுதியைத்தான் நான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தேன். என்ன ஒரு சுத்தமான வறுமை! இதைக் கெடுத்துடாம நாம காப்பாத்தணும்."

போபோடி பின்தங்கிய பகுதி என்று அறிவிக்கப்பட்டது. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கவுஸ் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். மோட்டார் பத்து வேலை நாளில் வந்துவிடும் என்றாள் ப்ரீத்தி. அனீசா வாப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மோட்டாருக்கு முன்னால் ஒரு கறுப்புக் கார் வந்தது. வாசலில் நிறுத்த இடமில்லாததால் டிரைவர் அதை ஓட்டிக்கொண்டே சந்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். இறங்கியவர் பெயர் துரைசாமி, கோயம்புத்தூர்க்காரர், பானேரில் ஐ.டி. கம்பெனி இயக்குநர். அவர் பையனும் ஒரு ரோபோ அணியில் இருந்தான்.

"ஏனுங்க பாய், நீங்க தமிழ்னு கேள்விப்பட்டனுங்க. பசங்க டீமுக்கு இங்க ஒரு ரூம் வேணுமுங்க. நல்லா பின்தங்கின ரூமாப் பாத்துச் சொல்லுங்க."

"எதுக்கு சார்? பானேர்ல உங்களுக்கு..."

"இருபது பாயிண்ட்டுங்க! பின்கோடு இங்க இருக்கோணுமல்லங்க. கொஞ்சம் ஒழுகினாலும் பரவாயில்லீங்க. ஆனா கம்ப்யூட்டர் மேல ஒழுகக்கூடாதுங்க. ஏசி மாட்டச் சுவர் தாங்குமுங்களா?"

ஷிண்டேயின் மாடியறை கேட்ட வாடகைக்குப் போயிற்று. அடுத்த வாரத்துக்குள் பானேர், ஆவுந்த், கோரேகாவ் பார்க் என்று ஆறு அணிகள் போபோடிக்குக் குடிபெயர்ந்தன. இன்டீரியர் ஆட்கள் வந்து, நன்றாக இருந்த சுவர்களில் ஈரக்கறை வரைந்து கொடுத்தார்கள். அரைக் கிளாஸ் கட்டிங் சாயா விற்ற முனைக்கடை கப்புச்சினோவுக்கு மாறியது. வடாபாவ் விலை ஏறிப் பக்கத்துப் பாலிடெக்னிக் பையன்கள் சண்டை போட்டார்கள். கவுஸ் தன் கடையிலும் வியாபாரம் சூடுபிடிக்கும் என்று நம்பினார். வந்தவர்கள் எல்லோரும் கிழிந்த திரை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். கவுஸிடம் கிழிந்தது இல்லை. இதற்கிடையில் கடைச் சொந்தக்காரர் வந்து, ஏரியா எங்கேயோ போய்விட்டது பாய் என்று சொல்லி வாடகையை உயர்த்திவிட்டுப் போனார்.

பத்து வேலை நாள் கழிந்து ப்ரீத்தி போன் செய்தாள்.

"கவுஸ் சார், சாரி. ஒரு மோட்டார்தான் சாங்ஷன். இப்ப போபோடில ஏழு டீம் இருக்கு. யாருக்குன்னு முடிவு பண்ண ஒரு கமிட்டி போட்டாங்க. அந்தக் கமிட்டி டேட்டா பாத்துச்சு. வாடகை ஏறியிருக்கு, ஏசி ஏறியிருக்கு, காபி ஏறியிருக்கு. அதனால..."

"அதனால?"

"போபோடி முன்னேறிடுச்சு சார்" என்றாள் ப்ரீத்தி. அவள் குரலிலேயே ஒரு வெட்கம் இருந்தது. "மோட்டார் கேன்சல். மைனஸ் பத்து."

அன்று இரவே துரைசாமி லாரி வைத்து ஏசியோடு போசரிக்குப் போய்விட்டார். போசரி இன்னும் பின்தங்கியே இருந்தது. போகும்போது கவுஸ் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஏரியா இப்படி மேல வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷமுங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

இறுதிப் போட்டி நாள். பாலேவாடியில் பெரிய உள்ளரங்கம். மேடைக்குக் கீழே ஆடுகளம். ரப்பர் வளையங்களை எடுத்துக் கம்பத்தில் மாட்ட வேண்டும். ஒரு வளையத்துக்கு ஐந்து புள்ளி. அனீசாவின் அணி மூன்று சக்கரம் ஓடும் ரோபோவோடு வந்திருந்தது. ஆட்டம் மதியத்துக்கு மேல். எதிர் அணி துரைசாமி பையனுடையது. தொடங்கும்போதே அவர்களுக்கு இருபது. இவர்களுக்குக் கழித்தல் பத்து. அனீசா ரோபோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். 

காலையிலேயே அவர் பெயரை மேடையில் அழைத்தார்கள். பொருளாதாரச் சமநிலைப் பிரிவின் முதல் 'வளர்ச்சிச் சின்னம்' விருது போபோடிக்கு. ஒரு மாதத்தில் வறுமையிலிருந்து மீண்ட ஒரே பின்கோடு அதுதான் என்று வாசித்தார்கள். மேசை மேல் தங்க முலாம் பூசிய முழ உயர ரோபோச் சிலை ஒன்று, கையில் பெரிய நாணயத்தை ஏந்தி, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கவுஸ் அதைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டார். மாலையில் எடுத்துப் போகலாம், தலைமை விருந்தினர் வந்து சுற்றுவதைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

சாப்பாட்டு இடைவேளை. அரங்கம் காலியாக இருந்தது. கவுஸ் விருதின் மேசைத் துணியைத் தடவிப் பார்த்தார், மட்டமான பாலியஸ்டர். தூக்கிப் பார்த்தார். சிலையின் தண்டு மேசைப் பலகையில் போட்ட துளை வழியாகக் கீழே இறங்கி ஒரு மோட்டாரில் முடிந்தது. மோட்டாரின் மேல் பேரவையின் முத்திரை இருந்தது. பேரவையின் கூரைக்குக் கீழே எது சுற்றினாலும் முத்திரை மோட்டாரில்தான் சுற்ற வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு விதி.

பின்னால் வந்து குனிந்த அனீசாவும் பார்த்துவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"வாப்பா, இந்த அவார்ட் யாருக்குக் குடுத்தாங்க?"

"போபோடிக்கு."

"நாம யாரு?"

வாழ்நாளில் ஒரு தலையணை உறையைக்கூட அடுத்தவருடையதென்று தெரிந்தால் தொடாத மனிதர் கவுஸ். ஒரு கணம் யோசித்தார். பிறகு மகளுக்குப் பின்னால் நின்று, கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதுபோல் மேசைத் துணியை இரண்டு கையாலும் அகல விரித்து மறைத்துக்கொண்டார். "கழத்து" என்றார்.

மோட்டார் ரோபோவுக்குப் போயிற்று. ரோபோ நேராக ஓடியது. ஐந்து பெண்களும் கத்தாமல் குதித்தார்கள்.

அப்போது பார்த்துத் தலைமை விருந்தினர் சீக்கிரமே வந்துவிட்டார். பக்தவத்சலம் மைக்கை நோக்கி ஓடுவதையும், சிலை அசையாமல் நிற்பதையும் கவுஸ் ஒரே நேரத்தில் கண்டார். யோசிக்க நேரமில்லை. துணியைத் தூக்கி மேசைக்கு அடியில் புகுந்தார். தண்டைப் பிடித்தார். திருகினார். மேலே சிலை சுற்றத் தொடங்கியது.

பக்தவத்சலம் ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நண்பர்களே, இந்தச் சின்னத்தைப் பாருங்கள். யாருடைய கையும் படாமல் தானாகச் சுற்றுகிறது. போபோடியும் அப்படித்தான். நாங்கள் அங்கே இரண்டு முறை போனோம். ஒரு ரூபாய் கொடுக்கவில்லை, ஒரு மோட்டார் கொடுக்கவில்லை. பார்த்தோம், அவ்வளவுதான். நாங்கள் பார்த்ததாலேயே அது முன்னேறிவிட்டது."

பேச்சு முடிந்தால் ஆட்டம் என்று காத்திருந்தால் மறுநாள் ஆகிவிடும் என்று நடுவர்களுக்கு அனுபவம் இருந்தது. பேச்சு நடக்கும்போதே கீழே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். மேசைத் துணியின் இரண்டு மடிப்புக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி. அதன் வழியாகக் கவுஸ் பார்த்தார். துரைசாமி பையனின் ரோபோ விலை உயர்ந்தது. ஆனால் பானேர், போபோடி, போசரி என்று ஒரே மாதத்தில் மூன்று இடம் மாறியதில் அந்தப் பிள்ளைகளுக்கு அதை ஓட்டிப் பழக நேரமே கிடைத்திருக்கவில்லை. அது இரண்டு வளையம் மாட்டிவிட்டு மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அனீசாவின் ரோபோ போய்ப் போய் வந்தது. பலகையில் கழித்தல் குறி மறைந்தது. பத்து, பதினைந்து, இருபது என்று ஏறியது. கவுஸின் கை மரத்துப் போயிற்று. மாற்றிப் பிடித்துத் திருகினார்.

முப்பதுக்கு முப்பது. இன்னும் ஒரே வளையம். கடிகாரத்தில் அரை நிமிஷம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து மேலே பக்தவத்சலம், "நிறைவாக, இந்தச் சின்னத்தை நானே எடுத்துத் தலைமை விருந்தினர் கையில்..." என்று தொடங்கினார்.

பக்தவத்சலத்தின் பேச்சு முடியக்கூடாது என்று உலகத்தில் ஒரு மனிதன் வேண்டிக்கொண்டது அதுவே முதல் தடவை. கவுஸ் தண்டை விட்டுவிட்டு, மேசைக்கு அடியில் உட்கார்ந்தபடியே பலமாகக் கைதட்டினார். ஹாலில் இருந்தவர்கள் யாரோ தட்டுகிறார்களே என்று தாங்களும் தட்டினார்கள். பேச்சின் நடுவே கைதட்டல் வாங்கிப் பழக்கமில்லாத பக்தவத்சலம் அப்படியே நின்றுவிட்டார். நீட்டிய கையைச் சிலையிலிருந்து எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

"நன்றி, நன்றி. நீங்கள் இவ்வளவு ஆர்வமாகக் கேட்பதால், இரண்டாவது பகுதிக்கு வருகிறேன்" என்றார்.

கவுஸ் மறுபடி தண்டைப் பிடித்துக்கொண்டார். இடைவெளியில் அனீசாவின் ரோபோ நேராகக் கம்பத்தை நோக்கிப் போயிற்று. வளையம் விழுந்தது. மணி அடித்தது. அரங்கமே எழுந்து கத்தியது. அனீசாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. கவுஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை காலியில்லை. மேலே பக்தவத்சலம் அந்தக் கூச்சலுக்குத் தலைகுனிந்து வணங்கி, மூன்றாவது பகுதியைத் தொடங்கினார். கீழே கவுஸ் சந்தோஷமாகத் திருகிக்கொண்டே இருந்தார்.